பள்ளிக்கூடம் யாருடைய கடன்? சக்குபள்ளம் முதல் நுவரெலியா வரை

இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைப் பகுதியில், குமுளியிலிருந்து மூணாறு நோக்கிச் செல்லும் சாலையை ஒட்டிய ஊராட்சி சக்குபள்ளம். அருகிலுள்ள செல்லார்கோவில் மேட்டில் நின்றால், கீழே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு வயலும் தோப்புமாக விரிந்து கிடப்பதைக் காணலாம். காய் எடுப்புக் காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து காலையிலேயே ஜீப்புகள் மலையேறுகின்றன. அவற்றில் வருவோர் பெரும்பாலும் பெண்கள். ஏலத்தோட்டங்களின் வாயிலில் அவர்கள் இறங்கிய சற்று நேரத்தில், அதே சாலையில் சீருடை அணிந்த பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கத் தொடங்குகிறார்கள்.

"எத்தனையோ நாடுகளில் பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லை, நமக்குக் கிடைத்திருப்பதை எண்ணி நன்றியோடு படிக்க வேண்டும்" என்பது வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை. அதில் உண்மை உண்டு. உலகில் ஏறத்தாழ 25 கோடிப் பிள்ளைகளும் இளையோரும் பள்ளிக்கு வெளியே இருப்பதாக யுனெஸ்கோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு மதிப்பிட்டது. ஆயினும் கிடைத்ததன் அருமையை உணர்வதற்கு, கிடைக்காதவர்களைச் சுட்டிக்காட்டினால் மட்டும் போதாது. அது எவ்வாறு கிடைத்தது, யார் கொடுத்தார்கள், யார் கேட்டுப் பெற்றார்கள் என்பதையும் அறிய வேண்டும். அதற்கு ஏலமலைத் தமிழ்ப் பிள்ளையை முன்பின் அறியாத தொலைதூரப் பிள்ளை ஒருவரோடு ஒப்பிடுவதைவிட, ஏறக்குறைய அதே காலத்தில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வேறு மலைகளுக்குப் போன உறவுமுறைப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கும். இலங்கையின் மலையகமும் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களும் அத்தகைய ஒப்பீட்டுக்கு இடம் தருகின்றன.

மலைக்கு வந்தவர்கள்

ஏலமலைகளில் முதலில் வாழ்ந்தவர்கள் மன்னான், பளியர், முதுவர் முதலிய பழங்குடியினர். கட்டப்பனைக்கு அருகிலுள்ள கோவில்மலையில் மன்னான் குடியின் அரசர் மரபு இன்றும் தொடர்கிறது. இம்மக்களின் பேச்சு தமிழோடு மிக நெருங்கியது. திருவிதாங்கூர் அரசுக்கு ஏலக்காய் நீண்ட காலம் முற்றுரிமைப் பண்டமாக இருந்தது. கம்பம், போடி பகுதி விவசாயிகளும் வணிகர்களும் மலையேறி ஏலத்தோட்டங்களை வளர்த்தனர். அவர்களோடு கூலித் தொழிலாளர்களும் வந்தனர். அதே காலத்தில் வடக்கே தேவிகுளம் பகுதியிலும் தெற்கே பீருமேட்டிலும் ஐரோப்பியத் தோட்டங்கள் எழுந்தன. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றது இந்த மாற்றத்தின் அறியப்பட்ட தொடக்கம். காடழிக்கவும் காப்பியும் தேயிலையும் பயிரிடவும் ஆட்கள் தேவைப்பட்டனர். கங்காணிகள் முன்பணம் கொடுத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தனர்.

இவ்வாறு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி என்ற எண்ணம் தோட்டத்தின் ஒழுங்கிலேயே இல்லை. லயத்தில் குடும்பத்தை இருத்துவதன் நோக்கமே தாய், தந்தை, வளர்ந்த பிள்ளை என அனைவரின் உழைப்பையும் பெறுவதுதான். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளை வீட்டில் இருந்தாக வேண்டும்; பத்து வயதைத் தாண்டிய பிள்ளை அரைக்கூலிக்குப் போகலாம். ஏலத்தோட்டத்திலோ இன்னொரு தடையும் இருந்தது. காய் ஒரே முறையில் முற்றுவதில்லை. ஆடி, ஆவணி தொடங்கித் தை வரை பல சுற்றுகளாக எடுக்க வேண்டும். குடும்பம் மலையில் தங்கும் அந்த மாதங்கள் பள்ளி ஆண்டின் நடுப்பகுதியை விழுங்கிவிடும். ஊரில் ஒரு பள்ளி இருந்தாலும் பிள்ளை அங்கே தொடர்ந்து படிக்க முடியாது.

அரசு கொடுத்த வாக்கு

திருவிதாங்கூரின் கல்வி வரலாற்றைப் பேசுவோர் 1817ஆம் ஆண்டைத் தவறாமல் குறிப்பிடுவர். அவ்வாண்டு ராணி கௌரி பார்வதி பாயி வெளியிட்ட ஆணை, மக்களின் கல்விச் செலவை அரசே முழுமையாக ஏற்க வேண்டும் என்று அறிவித்தது. கல்வியை அரசின் கடமை என்று அவ்வளவு முன்பே எழுதி வைத்தது பெரிய செய்தியே. ஆனால் அந்தக் கடமை யாரை நோக்கியது என்ற கேள்வி அடுத்த 100 ஆண்டுகளுக்குத் தீரவில்லை. புலையர், பறையர் முதலிய ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் கதவு மூடியே இருந்தது.

அந்தக் கதவைத் திறந்தது அய்யன்காளியின் இயக்கம். 1907இல் அவர் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். இந்தியத் தொழிலாளர் போராட்ட வரலாற்றில், கூலிக்கு முன்பாகப் பள்ளியைக் கேட்டு நடந்த வேலைநிறுத்தமாக இதைக் கருதலாம். அரசு அனுமதி ஆணை பிறப்பித்த பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. திருவனந்தபுரம் மாவட்டம் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. இன்று அந்த அரசுப் பள்ளி அவ்விருவரின் பெயரையும் தாங்கி நிற்கிறது.

இந்தப் போராட்டம் நடந்தது சமவெளியில். மலைத்தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களில் கணிசமானோர் தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதால், அதன் பயன் அவர்களுக்கும் உரியதாயிற்று. எனினும் கதவு திறந்திருப்பது வேறு, கதவு கண்ணில் படும் தொலைவில் இருப்பது வேறு. மலையில் பள்ளியைக் கட்டுவது யாருடைய பொறுப்பு?

முதலாளியின் கடனாக இருந்த பள்ளி

மூன்று நாடுகளின் சட்டங்களும் இந்தக் கேள்விக்கு முதலில் ஒரே விடையைத் தந்தன: தோட்ட முதலாளி.

இலங்கையில் 1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது வைத்தது. மலாயாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளியை நடத்த வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 14ஆம் பிரிவு, 6 முதல் 12 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் உள்ள தோட்டங்களில் கல்வி வசதி செய்து தருமாறு முதலாளியைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு வகுக்கலாம் என்றது.

இந்தச் சட்டங்களைப் படிக்கும் மாணவர்கள் வயது வரம்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் கல்வி வசதிக்கான வயது 12இல் முடிகிறது. அதே சட்டம் தோட்ட வேலைக்குத் தடை செய்த வயதும் 12க்குக் கீழ்தான். பள்ளி எங்கே முடிகிறதோ அங்கே வேலை தொடங்குகிறது. இலங்கைச் சட்டத்தின் பத்து வயது வரம்பும் இவ்வாறே பொருள்படுகிறது. எழுத்தறிவுள்ள தொழிலாளியை உருவாக்குவதே இத்தகைய பள்ளியின் உச்ச எல்லை. தொழிலாளியின் பிள்ளை தோட்டத்தை விட்டு வெளியேறும் வழியாகப் பள்ளியைக் காணும் எண்ணம் அவற்றை எழுதியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஏலமலையைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கல் இருந்தது. தேயிலைத் தோட்டம் பெரும் நிறுவனத்தின் சொத்து. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே இடத்தில் லயங்களில் வாழும். ஏலத்தோட்டமோ பெரும்பாலும் தனியார் கையில் இருக்கும் சிறு, நடுத்தர நிலம். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1981இல் திருத்தப்பட்ட பின்னும், 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் என்ற வரம்புக்கு உட்பட்ட தோட்டங்களுக்கே அது பொருந்தியது. அதற்குக் குறைந்த தோட்டத்தில் வேலை செய்யும் தாயின் பிள்ளைக்கு, முதலாளி தர வேண்டிய பள்ளி என்று ஒன்றும் இல்லை. ஆகவே சக்குபள்ளம் போன்ற ஊர்களில் முதலாளியின் கடனை நம்பியிருந்தால் பெரும்பாலான பிள்ளைகள் எழுத்தறியாமலே போயிருப்பார்கள்.

பள்ளிகள் வேறு வழியில் வந்தன. 1940களிலும் 1950களிலும் உணவுப் பற்றாக்குறையின் பேரிலும், பட்டம் தாணுப்பிள்ளை அரசின் குடியேற்றத் திட்டத்தின் வழியாகவும் மலையாள விவசாயிகள் பெருமளவில் இம்மலைகளுக்கு வந்தனர். குடியேறியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளி கேட்டனர்; தேவாலயங்களும் பிற நிர்வாகங்களும் பள்ளிகளைத் தொடங்கின; அரசும் தொடங்கியது. 1957இல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கேரளக் கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்க வகை செய்தது. அந்த மசோதாவைச் சுற்றி எழுந்த அரசியல் புயலை அனைவரும் அறிவர். மலைப்பகுதிப் பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் அதன் விளைவு எளிமையானது: நிர்வாகம் எதுவாயினும், ஆசிரியரின் ஊதியம் அரசின் கடன். முதலாளியின் தயவிலோ, விலை வீழ்ந்தால் மூடப்படும் தோட்டக் கணக்கிலோ பள்ளி தொங்கிக்கொண்டிருக்கவில்லை.

1948உம் 1956உம்

ஏலமலைப் பிள்ளையின் வழியும் மலையகப் பிள்ளையின் வழியும் பிரிந்த இடம் குடியுரிமை.

இலங்கையில் 1945ஆம் ஆண்டளவில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று இலவசக் கல்வித் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லாக் கல்வி என்பது ஆசியாவிலேயே முன்னோடியான முயற்சி. ஆனால் தோட்டப் பள்ளிகள் அதன் ஓரத்திலேயே நின்றுவிட்டன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு அரிதாக இருந்த லயங்களில் அத்தகைய சான்று எங்கிருந்து வரும்? ஏறத்தாழ 7 லட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களாயினர். வாக்கில்லாத மக்களுக்குப் பள்ளி கட்டித் தர வேண்டும் என்ற அவசரம் எந்த அரசியல்வாதிக்கும் எழவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிக்க விட்டுவைத்தது. எந்த நாட்டில் படித்து முடிப்போம் என்று அறியாத பிள்ளைகள் அந்தத் தோட்டப் பள்ளிகளில் அமர்ந்திருந்தார்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் நாட்டுடைமையான பின்னரே தோட்டப் பள்ளிகள் அரசின் கல்வி அமைப்புக்குள் படிப்படியாக வந்தன. நாடற்றநிலைக்கு முடிவு கட்டும் சட்டங்களின் வரிசை 2003 வரை நீண்டது. இலவசக் கல்விக்கும் இதற்கும் இடையே ஓடியது கிட்டத்தட்ட 60 ஆண்டுகள்.

மலையகத் தமிழர்களின் இழப்பு அவர்களின் முயற்சியின்மையால் வந்ததன்று. தொழிற்சங்கங்களும் ஆசிரியர்களும் அங்கே விடாது போராடினர். நுவரெலியா மாவட்டத்துப் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகத்துக்கு மலையகத்திலிருந்தே ஆசிரியர்களை உருவாக்கும் நெடுநாள் கனவின் பயன்.

இந்தியப் பக்கத்தில் 1956 வேறு வகையான பிரிவைக் கொண்டுவந்தது. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழர் பெரும்பான்மையினர் என்பதால் அவற்றைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் அளித்த அறிக்கையில், தெற்குத் தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. மலைத் தாலுகாக்களைக் கேரளத்திலேயே வைத்தது. அங்குள்ள தமிழ்ப் பெரும்பான்மை, தோட்ட வேலைக்காகக் குடிபெயர்ந்தவர்களால் ஏற்பட்டது என்ற பார்வை அந்த முடிவில் ஒரு பங்கு வகித்தது. தலைமுறைகளாக மலையில் பிறந்து இறந்தவர்களை "வந்து போகிறவர்கள்" என்று எண்ணும் அந்தப் பார்வை இலங்கையில் நிலவிய பார்வைக்கு மிகவும் தொலைவில் இருந்ததில்லை.

ஆனால் விளைவு முற்றிலும் வேறு. கம்பத்திலிருந்து மலையேறியவர் மாநில எல்லையைக் கடந்தார். நாட்டின் எல்லையைக் கடக்கவில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் பிறந்தபோது அவருடைய வாக்கோ குடியுரிமையோ அசையவில்லை. அதோடு, மறுசீரமைப்பைச் செயல்படுத்திய அரசமைப்பின் ஏழாவது திருத்தமே 350அ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது அப்பிரிவு. எல்லை எங்கே வரையப்பட்டாலும், எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட பிள்ளையின் மொழிக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்ற அறிவு மறுசீரமைப்பின் உள்ளேயே இருந்தது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழையும் கன்னடத்தையும் சிறுபான்மை மொழிகளாக ஏற்றது.

இந்த வரலாற்றின் இறுதித் திருப்பம் கேரளத்திலேயே நிகழ்ந்தது. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர்களுக்கு வேலையளிப்பதற்காக 1976இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டது. இலங்கையில் நாடற்றவர்களின் பிள்ளைகளாக இருந்தவர்கள், அங்கே வந்த பின் கேரளத்து அரசுப் பள்ளியில் சேரும் தகுதி பெற்றார்கள். பிள்ளை அதே பிள்ளை. மாறியது தாள் மட்டுமே.

மலாயா தந்த வேறொரு விடை

மலேசியத் தமிழ்ப் பிள்ளையின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. இன்றும் அந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்பின் உறுப்பாக இயங்குகின்றன. ஆறாண்டுத் தொடக்கக் கல்வியை முழுவதும் தமிழில் பெற முடிகிறது. கேரளத்து ஏலமலைப் பிள்ளைக்கு எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது. ஆனால் அதற்குப் பிறகு இடைநிலைக் கல்வி மலாய் மொழியில் தொடங்குகிறது. மாற்றத்தின் கடினத்தைத் தணிக்கப் புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு உருவாக்கப்பட்டது. மேலும், தோட்டத்து நிலத்தில் எழுந்த பள்ளிகள் தோட்டத்தின் விதியைப் பகிர்ந்துகொண்டன. 1950களிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது குடும்பங்கள் சிதறின. பள்ளிகள் மாணவர்களை இழந்தன. 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கி அந்தச் சிதைவைத் தடுக்க முயன்றது.

மூன்று மலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, எந்த ஒன்றும் முழு நிறைவைத் தரவில்லை என்பது புலப்படும். மலேசியாவில் மொழி நின்றது, ஆனால் பள்ளி தோட்டத்தின் நிலத்தில் நெடுநாள் சிக்கியிருந்தது. இலங்கையில் தமிழ்வழிக் கல்வி உயர்நிலை வரை உண்டு, ஆனால் தாள் இல்லாமையால் இரு தலைமுறைகள் பின்தங்கின. கேரளத்தில் தாளும் பள்ளியும் கிடைத்தன, மொழி பாதியில் நிற்கிறது.

எட்டிய பள்ளியும் எட்டாத மொழியும்

மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வண்டிப்பெரியாறு ஆகிய தேயிலைப் பகுதிகளில் தமிழ்வழி வகுப்புகள் உள்ளன. அங்கே லயங்கள் அடர்ந்திருப்பதால் ஒரு வகுப்புக்கு வேண்டிய பிள்ளைகள் ஓரிடத்தில் கிடைக்கிறார்கள். ஏலத்தோட்டப் பகுதியின் அமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் சிறு சிறு தோட்டங்களில் பரவியிருக்கின்றன. எல்லையோரத்தின் மறுகோடியான பாலக்காட்டின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி அரசிலும் இருந்தவை. கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தமிழர் ஊர் ஊராகச் செறிந்து வாழ்வதால் தமிழ்க் கல்வி அங்கே வேரூன்ற முடிந்தது. அரசமைப்பின் 350அ பிரிவு ஒன்றே. அது நடைமுறையில் பலிப்பது மக்கள் செறிவைப் பொறுத்தது.

ஆகவே சக்குபள்ளம் வட்டாரத்துத் தமிழ்ப் பெற்றோர் முன் மூன்று வழிகள் உள்ளன. அருகிலுள்ள மலையாளவழிப் பள்ளியில் சேர்த்தால் நடை தூரம் குறையும். மாநில அரசு வேலைக்கான மொழியும் கைவரும். ஆங்கிலவழிப் பள்ளி செலவைக் கூட்டும். தமிழில்தான் படிக்க வேண்டும் என்றால், பிள்ளையைக் கீழே கம்பத்திலோ கூடலூரிலோ பாட்டி வீட்டில் விட வேண்டும். மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்கள் பள்ளிக்காகப் பிள்ளையைப் பிரிந்திருக்கிறார்கள். முதல் வழியைத் தேர்ந்தவர்களின் பிள்ளை பாட்டிக்கு வந்த கடிதத்தைப் படிக்க இயலாமல் வளரக்கூடும். இவை குறைகளே. அவற்றைக் குறை என்று சொல்ல முடிவதற்கும், சட்டப் பிரிவைச் சுட்டி உரிமை கேட்க முடிவதற்கும் பின்னால் இருப்பது குடியுரிமை என்பதையும் உடன் சேர்த்து எண்ண வேண்டும்.

பள்ளிக்குள் பிள்ளையை நிறுத்தி வைத்ததில் உணவுக்கும் பங்கு உண்டு. 1982இல் தமிழ்நாட்டின் சத்துணவுத் திட்டமும், 1984இல் கேரளத்தின் மதிய உணவுத் திட்டமும் தொடங்கின. எல்லையின் இருபுறமும், வேலைக்குச் சென்ற தாய் திரும்பும்வரை பிள்ளை பசித்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை உருவானது. தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற அக்காள் பள்ளிக்கு வரத் தொடங்கியதற்கு, தம்பிக்கும் அங்கன்வாடியில் இடமும் உணவும் கிடைத்ததும் ஒரு காரணம்.

தாள் கேட்காத பள்ளி

குடியுரிமைத் தாள் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி உண்டா என்ற கேள்வியை உலகின் பல நாடுகள் எதிர்கொண்டுள்ளன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம், உரிய ஆவணமின்றிக் குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலிருந்து விலக்க முயன்றது. 1982இல் பிளைலர் எதிர் டோ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற குறுகிய பெரும்பான்மையில், அது செல்லாது என்றது. பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மறுபக்கம் ஆப்கானிஸ்தான். அங்கே பள்ளிக் கட்டடமும் இருந்தது, ஆசிரியரும் இருந்தனர், மாணவியரும் இருந்தனர். 2021இல் தாலிபான் ஆட்சி ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குக் கதவை மூடியது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. பெற்ற கல்வி உரிமை ஓர் ஆணையால் பறிபோகக்கூடியது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தியாவில், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதையும் தடையாகக் காட்டக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. 1948இல் இலங்கை லயங்களில் கேட்கப்பட்ட தாளை நினைவில் வைத்துக்கொண்டு இவ்விரு பிரிவுகளையும் படித்தால் அவற்றின் எடை விளங்கும்.

அந்தப் பிரிவுகள் இன்று ஏலமலையில் யாருக்குத் தேவைப்படுகின்றன? கடந்த ஆண்டுகளில் இத்தோட்டங்களுக்கு ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் தங்குவது தோட்டத்துக் குடியிருப்புகளில். வேலை முடிந்தால் வேறு தோட்டம், சில நேரங்களில் வேறு மாவட்டம். பிள்ளையின் மொழி பள்ளியின் மொழி அன்று. மூத்த பெண் பிள்ளை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நிற்கிறாள். காய் எடுப்பு மாதங்கள் பள்ளி ஆண்டைக் குலைக்கின்றன. நூறாண்டுகளுக்கு முன் கங்காணியோடு மலையேறிய தமிழ்க் குடும்பத்தின் நிலை இது. 2017இல் எர்ணாகுளம் மாவட்டத்தில் தொடங்கிய ரோஷ்னி திட்டம், புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் அறிந்த மொழியின் வழியே மலையாளமும் பிற பாடங்களும் கற்பிக்க முடியும் என்பதைக் காட்டியது. சமவெளி நகரத்தில் முடிந்தது மலையிலும் முடியக்கூடியதே.

"வந்து போகிறவர்கள்தானே, பள்ளியில் சேர்த்தால் எத்தனை நாள் இருப்பார்கள்" என்ற சொல் மலைப்பகுதிகளில் இப்போதும் கேட்கக் கூடியது. 1955இல் இம்மலையின் தமிழர்களைப் பற்றியும் ஏறக்குறைய அதுவே எண்ணப்பட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஆய்வாளர்களாகவும் இருக்கிறார்கள். 1817இன் ஆணை, அய்யன்காளியின் வேலைநிறுத்தம், ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்ற சட்டம், குலையாமல் நின்ற குடியுரிமை ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அவர்களைப் பள்ளியில் அமர்த்தின. கிடைத்த கல்விக்கு நன்றி செலுத்தும் பிள்ளைக்கு, இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் பணி. அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில், தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து சான்றிதழ் ஏதுமின்றி ஒரு சந்தாலிப் பிள்ளை வந்து நின்றால், அதன் பெயரைச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவது அந்தப் பள்ளியின் கடன்.